கீல் பக்கம்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் எங்கள் லாட்ஜ்.
பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்.
பதினோரு ரூம், பொதுவில் ஒரு சமையல்கட்டு,
ஸ்டவ்வும் குக்கரும் நாள் வாடகைக்கு.

பதினாலு வருஷத்துக்கு முன்
நாலாம் நம்பரில் தங்கியிருந்த பையன்,
இதயத்தில் ஓட்டை,
சாக்கடை ஓரத்துக் குட்டியைத் தூக்கிவந்து
தன் ஆம்லெட்டில் பாதியைக் கொடுத்து
போலா என்றான்.
அறுவை முடிந்து பர்த்வானுக்கு ரயிலேறினான்.
நாய் தங்கிவிட்டது, பெயரும்.

எத்தனை பேரை அது
ரத்தம் கொடுக்கிற கேட் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது!
வழி தெரியாமல் விழிக்கிற முகம்
அதற்குத் தெரியும்.
இரண்டடி முன்னால் ஓடி, நின்று, திரும்பிப் பார்க்கும்.
பாஷை வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சித்திரையில்தான் பார்த்தேன்.
கொல்லைக் கதவின் முன் நிற்கிறது.
திறக்கிற பக்கம் அல்ல,
கீல் இருக்கிற பக்கம்.
துருப்பிடித்த இரும்புக்கு நேராக மூக்கை வைத்து
அது விலகும் என்று
அவ்வளவு நம்பிக்கையாக.

கதவைத் திறந்தேன்.
பக்கத்தில் வெளிச்சம் விழுந்தது,
வேப்பம்பழ வாசனை வந்தது.
அது கீலையே பார்த்துக்கொண்டிருந்தது.

கால்நடை டாக்டர் இளவேனில்
காதைப் புரட்டினார், கண்ணில் டார்ச் அடித்தார்.
"கண்ணு பரவால்ல. காதும் கேக்குது.
உள்ள இருக்கிற வரைபடம்தான் அழியுது."
மாத்திரை எழுதினார்.
"குணமாகுமான்னு கேக்காதீங்க.
பொருளையெல்லாம் இடம் மாத்தாதீங்க, அது போதும்."

லாட்ஜில் எதை நான் இடம் மாற்றாமல் வைப்பது?
ஐந்தில் நேற்று மால்டா, இன்று அகர்தலா.
செருப்புகள் வாரத்துக்கு வாரம் வேறு ஜோடி.

ராத்திரி மூன்று மணிக்கு நடக்கத் தொடங்கும்.
மொசைக்கில் நகம் தட்டும் சத்தம்
மாடிப்படி வரை, திரும்ப, மாடிப்படி வரை.
புகார் வருமென்று பயந்தேன்.
வரவில்லை.
காலையில் ரிப்போர்ட் வாங்க வேண்டியவர்கள்
அந்நேரத்தில் எங்கே தூங்குகிறார்கள்?
ஒருநாள் எட்டாம் நம்பர் ரெஹானா
வராந்தாவில் அதோடு கூடவே நடந்தாள்.
அவள் கணவனுக்கு மறுநாள் மண்டையில் அறுவை.

"யார் வைத்த பேர்?" என்றாள் அரைகுறை இந்தியில்.
சொன்னேன்.
"எங்கள் பேச்சில் போலா என்றால்
மறதிக்காரன்."

பதினாலு வருஷம் கூப்பிட்டிருக்கிறேன்,
அர்த்தம் கேட்கத் தோன்றியதில்லை.
முன்னமே கேட்டிருந்தால் என்ன, ராஜா என்று மாற்றியிருப்பேனா?
ராஜாவுக்கும் வயசாகும்.

ஒரு சாயங்காலம் என்னைப் பார்த்துக் குரைத்தது.
புது ஆளைப் பார்த்துக் குரைக்கிற குரல்.
பதிவேட்டில் நானும் இனி
ஊர், பேர், வந்த காரணம் எழுதவேண்டும் போல.
கை நீட்டினேன். மோந்தது.
வெகுநேரம் மோந்தது.
பிறகு, மன்னித்தது போல, உட்கார்ந்தது.

முனிரத்தினம் ஆசாரியை வரச்சொன்னேன்.
"தாழ்ப்பா கெட்டுப்போச்சா?"
"இல்ல. கதவையே கழட்டணும்."
"திருட்டு பயம்?"
"திருட என்ன இருக்கு, வாடகைக் குக்கரா?"
ஆறு திருகாணி, முக்கால் மணி நேரம்.
கதவைத் தூக்கி நீர்த்தொட்டியில் சாய்த்தோம்.
இப்போது அந்த இடத்தில் பக்கமே இல்லை,
முழுக்க வெளி.

ராத்திரி வந்து பார்த்தால்
போலா நிற்கிறது.
கீல் இருந்த இடத்தில்,
திருகாணி போன துளைகளுக்கு நேராக,
இல்லாத கதவு திறக்கட்டுமென்று.
காற்று அதன் முதுகு மயிரைக் கலைக்கிறது.
ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு
பின்கால் நடுங்குகிறது.

என்ன செய்வதென்று தெரியாமல்
பக்கத்தில் குந்தினேன்.
எண்ணெய் காணாத பழைய கதவின் சத்தம்
எனக்கு மனப்பாடம்.
வாயைக் குவித்து, மெல்ல,
க்க்ரீஈஈச் என்றேன்.

காது நிமிர்ந்தது.
இரண்டடி வைத்துப் போனது,
நின்று,
திரும்பிப் பார்த்தது.